எத்தனை குவாட்டர் என்று கேட்டோம், சோறு எப்போது என்று கேட்கவில்லை: ஒரு வெர்னிக்கே நோயாளியின் நிகழ்வு ஆய்வு

வெர்னிக்கே என்பது உடம்பில் தயமின் (வைட்டமின் பி1) தீர்ந்துபோவதால் வரும் மூளை நோய். வடசென்னையில் நான் வேலை பார்க்கும் நடுத்தர அளவு மருத்துவமனையில் நடந்தது இது. அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகக் குடும்ப விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களை அப்படியே விட்டிருக்கிறேன், எங்கள் தவறுகள் உட்பட. குடிப்பழக்கம் உள்ளவர்களைத் தினமும் பார்க்கும் இளம் மருத்துவர்களும் செவிலியர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

பின்னணி

அவருக்கு வயது 46. கோயம்பேடு சந்தையில் லோடு இறக்கும் வேலை. நள்ளிரவில் வெங்காய லாரி வரும், விடிவதற்குள் மூட்டைகளை இறக்கி அடுக்கிவிட வேண்டும். மனைவி இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்கிறார். மகன் ஐடிஐ படிக்கிறான்.

உடம்பு வலிக்கு என்று தொடங்கிய குடி, 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கடைசி ஐந்தாறு ஆண்டுகளாகத் தினமும் இரண்டு குவாட்டர். அதாவது 360 மில்லி. 42.8 சதவீதம் வீரியமுள்ள பிராந்தி என்றால் அதில் ஏறக்குறைய 120 கிராம் ஆல்கஹால் இருக்கும். கிராமுக்கு 7 கலோரி என்று வைத்தால் 800 கலோரிக்கு மேல் வருகிறது. இதனால் பசி அடங்கிவிடும், தயமின் ஒரு துளியும் உள்ளே போகாது. போதாக்குறைக்கு, சாப்பிடுகிற கொஞ்சத்தில் இருக்கும் தயமினையும் குடல் சரியாக உறிஞ்சவிடாமல் ஆல்கஹால் தடுக்கிறது. கெட்டுப்போன கல்லீரலால் அதைச் சேர்த்து வைக்கவும் முடியாது.

மருத்துவமனைக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பே உள்ளங்கால் எரிச்சல் இருந்திருக்கிறது. நடக்கும்போது ஒரு கால் செருப்பு கழன்று தெருவிலேயே கிடக்கும், இவர் அது தெரியாமல் நடந்து போய்க்கொண்டிருப்பார். மகன் பின்னால் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். "போதையில தெரியலன்னு நெனச்சோம் சார்" என்றார் மனைவி. கால் நரம்புகள் கெடும்போது நம் ஊர் நோயாளிகள் சொல்லும் மிகத் தெளிவான அறிகுறி இதுதான். பாதத்தில் உணர்ச்சி குறைந்து செருப்பைப் பிடித்துக்கொள்ளும் விரல்களின் பிடியும் தளர்ந்துவிடும்.

பிறகு தோளில் அடிபட்டு வேலைக்குப் போகவில்லை. வீட்டில் இருந்ததால் குடி கூடியது. காலையில் எழுந்ததும் குமட்டல், வாந்தி. சோற்றைப் பார்த்தாலே வேண்டாம் என்பார். ஏறக்குறைய நான்கு வாரம் ஊறுகாயும் எப்போதாவது கொஞ்சம் சுண்டலும்தான். ஒரு மனிதரின் உடம்பில் இருக்கும் தயமின் மொத்தமே சுமார் 30 மில்லிகிராம், அது இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். நான்கு வாரம் என்பது எல்லையைத் தாண்டிய கணக்கு.

கடைசி வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு டிவி பார்த்தார். டம்ளரில் ஆற்றும்போது டீ பக்கத்தில் தரையில் விழுந்தது. குடிப்பதை நிறுத்தி ஒரு நாளுக்கு மேல் ஆன பிறகும் அப்படியே இருந்தது. அப்போதுதான் மனைவிக்குப் பயம் வந்திருக்கிறது.

இந்த விவரம் எல்லாம் எங்களுக்கு முழுதாகக் கிடைத்தது மூன்றாம் நாள்தான். முதல் நாள் நாங்கள் கேட்கவில்லை.

முதல் நாள் இரவு

அன்று மதியம் வீட்டில் விழுந்துவிட்டார். தெருவில் உள்ள ஒரு க்ளினிக்கில் "உடம்பு வீக்கா இருக்கு" என்று இரண்டு பாட்டில் குளுக்கோஸும் ஒரு சத்து ஊசியும் போட்டிருக்கிறார்கள். மாலைக்குள் பேச்சு குழறியது, தூக்கம் அதிகமானது. இரவு 10.30 மணிக்கு மைத்துனர் இருவர் ஆட்டோவில் எங்கள் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள்.

நாடித் துடிப்பு 92. ரத்த அழுத்தம் 108/70. காய்ச்சல் இல்லை. ரத்தச் சர்க்கரை 138. கூப்பிட்டால் கண் திறப்பார், பெயர் சொல்வார், எங்கே இருக்கிறோம் என்று கேட்டால் "லோடு வந்துச்சா" என்பார். தலையில் அடிபட்டிருக்கலாம் என்று எடுத்த சிடி ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை.

பணியில் இருந்த இளம் மருத்துவர் எனக்கு போன் செய்தார். கடைசியாகக் குடித்து இரண்டு நாள் ஆகிறது, குழப்பமாக இருக்கிறார் என்றார். குடியை நிறுத்தியதால் வரும் வித்டிராயல்தான், டெலிரியமாக இருக்கும் என்று நான் சொன்னேன். லோராசெபாம் என்ற அமைதிப்படுத்தும் ஊசி, ஒரு பாட்டில் டிஎன்எஸ், காலையிலிருந்து பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை. இதுதான் போனில் நான் கொடுத்த உத்தரவு. டிஎன்எஸ் என்பது உப்புநீரில் கலந்த குளுக்கோஸ்தான். க்ளினிக்கில் செய்ததையே நாங்களும் ஒரு தடவை செய்தோம்.

டெலிரியம் என்று நினைத்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. நிறுத்திய இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள்தான் அது பெரும்பாலும் வரும். ஆனால் அதில் ஆள் படபடப்பாக இருப்பார், கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நாடி எகிறும், இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார். இவரோ அமைதியாக, மந்தமாகக் கிடந்தார். நடுக்கம் இல்லை, வியர்வை இல்லை. அந்த வித்தியாசம் கேஸ் ஷீட்டிலேயே எழுதப்பட்டிருந்தது. எழுதியதை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

அந்த ஷீட்டின் வரலாற்றுப் பகுதியை இன்று படித்தால் மனசு உறுத்துகிறது. எத்தனை ஆண்டாகக் குடிக்கிறார், எவ்வளவு, எந்த வகை, கடைசியாக எப்போது என்று நான்கு வரி. சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மறுநாள் காலை: கண்

காலை 8.45 மணிக்கு ரவுண்ட்ஸ் போனேன். இரவு முழுக்கத் தூங்கினார், லோராசெபாம் மயக்கம் என்று சிஸ்டர் சொன்னார். நான் அடுத்த கட்டிலுக்கு நகரும்போது மனைவி கூப்பிட்டார். "சார், அவரு கண்ணு ரெண்டும் ஒரு மாரி இருக்கு. பக்கத்துல நிக்கிறேன், என்னப் பாக்க கண்ண திருப்ப மாட்டேங்குறாரு, தலையத்தான் திருப்புறாரு."

திரும்பி வந்து விரலைக் காட்டி இடமும் வலமும் பார்க்கச் சொன்னேன். இரண்டு கண்களும் வெளிப்பக்கம் பாதிக்கு மேல் போகவில்லை. போன இடத்திலும் நிலைக்காமல் துடித்துத் துடித்துத் திரும்பின. இமையைத் தூக்கிப் பிடித்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு உட்கார வைத்தோம், ஒரு பக்கமாகச் சாய்ந்தார். இரண்டு பேர் பிடித்து நிறுத்தினோம். கால்களை அகட்டி வைத்தும் நிற்க முடியவில்லை. கணுக்கால் அனிச்சை இரு பக்கமும் இல்லை. பாதத்தில் அதிர்வுக் கவையை வைத்தால் உணரவில்லை.

கண் அசைவுக் கோளாறு, தள்ளாட்டம், மனக்குழப்பம். கார்ல் வெர்னிக்கே 1881இல் எழுதிவைத்த மூன்றும் ஒரே ஆளிடம். பாடப்புத்தகத்தில் படிக்கும்போது மூன்றும் சேர்ந்துதான் வரும் என்று நம்பிவிடுகிறோம். பிரேதப் பரிசோதனையில் இந்த நோய் உறுதியானவர்களின் பழைய குறிப்புகளைத் தேடிப் பார்த்த ஓர் ஆய்வில், மூன்றும் பதிவாகியிருந்தது 16 சதவீதத்தினரிடம் மட்டுமே. அதனால்தான் 1997இல் வந்த கெய்ன் அளவுகோல் நான்கில் இரண்டு இருந்தாலே போதும் என்கிறது: உணவுக் குறைபாடு, கண் கோளாறு, சிறுமூளைத் தள்ளாட்டம், மனக்குழப்பம் அல்லது லேசான நினைவுக் குறைவு. நான்கில் முதலாவது உணவு என்பதைக் கவனிக்க வேண்டும்.

வெர்னிக்கே விவரித்த மூன்று நோயாளிகளில் இரண்டு பேர் குடிப்பழக்கம் உள்ள ஆண்கள். மூன்றாமவர் கந்தக அமிலம் குடித்து இரைப்பை சுருங்கி, எதைச் சாப்பிட்டாலும் வாந்தி எடுத்த ஓர் இளம்பெண். தொடக்கத்திலிருந்தே இது பட்டினியின் நோய்தான். கர்ப்பகால வாந்தி அடங்காதவர்களுக்கும், உடல் எடை குறைக்க இரைப்பை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இதே நோய் வருகிறது. குடிப்பவர்களிடம் அதிகம் பார்ப்பதால் நாம் இதைக் குடியின் கணக்கில் எழுதிவிட்டுச் சாப்பாட்டை மறந்துவிடுகிறோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, எதற்கும் காத்திருப்பதில்லை என்பது. தயமின் அளவுக்கான ரத்தப் பரிசோதனை முடிவு வர நாட்கள் ஆகும். எம்ஆர்ஐக்கு மறுநாள்தான் நேரம் கிடைத்தது. எம்ஆர்ஐ சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது ஒன்றும் காட்டாது.

இரண்டாவது, அளவு. 500 மில்லிகிராம் தயமினை 100 மில்லி உப்புநீரில் கலந்து அரை மணி நேரத்தில் நரம்பு வழியாக, ஒரு நாளைக்கு மூன்று வேளை. மாத்திரையாகக் கொடுத்தால் நல்ல உடம்பே ஒரு தடவைக்கு நான்கைந்து மில்லிகிராமுக்கு மேல் உறிஞ்சாது. இவர் குடலில் அதுவும் நடக்காது. முந்தைய இரவு நான் எழுதச் சொன்ன பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையை நினைத்துப் பார்க்கிறேன். அது கேஸ் ஷீட்டில் ஒரு வரியை நிரப்பியதைத் தவிர வேறெதுவும் செய்திருக்காது.

அப்புறம் பார்த்தால், எங்கள் மருந்துக் கடையில் இருந்தது மொத்தம் நான்கு ஆம்பூல்தான். முதல் வேளை அப்படி இப்படி என்று 10.20 மணிக்கு ஏறியது. மற்றதை வாங்க மைத்துனர் பைக்கில் மூன்று கடை ஏறி இறங்கினார். விலை ஒரு பொருட்டே இல்லாத மருந்து. யாரும் கேட்பதில்லை என்பதால் வாங்கி வைப்பதில்லை என்று கடைக்காரர் சொன்னாராம்.

மூன்றாவது, மெக்னீசியம். ரத்தத்தில் 1.3 தான் இருந்தது. தயமின் வேலை செய்யும் வடிவத்துக்கு மாற மெக்னீசியம் வேண்டும். அது இல்லாமல் எவ்வளவு தயமின் ஏற்றினாலும் பலன் பாதிதான். அதனால் 2 கிராம் மெக்னீசியம் சல்பேட் சேர்த்தோம். பொட்டாசியம் 3.0, அதையும் ஏற்றினோம். சோடியம் 126 இருந்தது. அதை மட்டும் வேண்டுமென்றே மெதுவாக, 24 மணி நேரத்தில் 8க்கு மேல் போகாமல் உயர்த்தினோம். குடிப்பவர்களிடம், சத்தில்லாத உடம்பில், சோடியத்தை அவசரமாக ஏற்றினால் மூளைத் தண்டின் நரம்பு உறைகள் உருகிப்போகலாம். ஒன்றைக் காப்பாற்றப் போய் இன்னொன்றைக் கெடுத்துவிடக் கூடாது.

நான்காவது, பி12. சிவப்பணுக்களின் அளவு பெரிதாக இருந்தது, பி12 அளவு 148தான், குறைவு. குடிப்பவர்களுக்குப் பொதுவாக ஃபோலேட்தான் குறையும் என்று ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் எழுதிவிடுவது எங்கும் நடக்கிறது. பி12 குறைவு இருக்கும்போது ஃபோலேட்டை மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும், நரம்பு மேலும் கெடும். அதனால் முதலில் பி12 ஊசி, பிறகு ஃபோலேட்.

லோராசெபாமை அன்றே அடியோடு நிறுத்தவில்லை. நடுக்கம் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து அளவைக் குறைத்தோம். வித்டிராயலும் வெர்னிக்கேயும் ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் வரக்கூடியவைதான்.

அடுத்த இரண்டு வாரம்

அன்று இரவு 8 மணிக்கு மூன்றாவது வேளை ஏறுவதற்குள் கண்கள் வெளிப்பக்கம் நகர ஆரம்பித்திருந்தன. மனைவிதான் முதலில் பார்த்தார். சிஸ்டரைக் கூப்பிட்டு "என்னப் பாத்தாரு" என்றாராம். மறுநாள் கண் அசைவு ஏறக்குறைய முழுதாகத் திரும்பியது, துடிப்பு மட்டும் மிச்சம். சில மணி நேரத்தில் கண் திரும்புவது இந்த நோயில் வழக்கம்தான் என்றாலும், நேரில் பார்க்கும்போது நம்ப முடியாமல்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் எம்ஆர்ஐயில், மூளையின் ஆழத்தில் இருக்கும் தாலமஸின் உள்பகுதிகளிலும் மாமில்லரி உறுப்புகளிலும் நடுமூளைக் கால்வாயைச் சுற்றியும் இரு பக்கமும் ஒரே அளவாக வெளிறிய தடங்கள் தெரிந்தன. சந்தேகத்துக்கு இடமில்லை.

500 மில்லிகிராம் மூன்று வேளையை மூன்று நாள் கொடுத்தோம். பிறகு தினம் 250 வீதம் ஐந்து நாள், அதன் பிறகு மாத்திரை. உணவையும் மெதுவாகத்தான் கூட்டினோம். பல நாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையக் கொடுத்தால் பாஸ்பேட் சரிந்துவிடும்.

ஆறாம் நாள் தெளிவாகப் பேசினார். எல்லோருக்கும் சந்தோஷம். நான் காலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "விடியக்காலைல நாலு லாரி சார், எல்லாம் நாசிக் வெங்காயம். மூட்ட ஈரம், தோள்ல தண்ணி வழிஞ்சிச்சு. இப்பத்தான் வந்து படுத்தேன்" என்றார். சொல்லும்போது வலது தோளைத் தடவினார். ஆறு நாளாகக் கட்டிலை விட்டு இறங்காதவர். பொய் சொல்லவில்லை. புதிதாக எதையும் பதிய வைக்க முடியாத மூளை, காலியாக இருக்கும் இடத்தைப் பழைய காலைகளை எடுத்து அடைத்துக்கொள்கிறது. 1880களின் கடைசியில் ரஷ்ய மருத்துவர் கோர்சகாஃப் விவரித்தது இதைத்தான். மனைவி சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார், கனவு கண்டிருப்பார் என்று நினைத்து. அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போய் விளக்க வேண்டியிருந்தது. அந்தப் பேச்சு எனக்கு எளிதாக இல்லை. "மொத நாள் ராத்திரியே இத போட்டிருந்தா?" என்று அவர் கேட்டார். குறைந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் முதல் நாள் இரவே போட்டிருக்க வேண்டும் என்று சொன்னேன்.

16ஆம் நாள் வாக்கர் பிடித்து வீட்டுக்குப் போனார்.

குளுக்கோஸ் விஷயம்

மூளை பெரும்பாலும் குளுக்கோஸை எரித்துத்தான் இயங்குகிறது. எரிக்கும் பாதையில் உள்ள முக்கிய நொதிகளுக்குத் தயமின் துணை வேண்டும். தயமின் தீர்ந்துபோன உடம்பில் குளுக்கோஸை மட்டும் கொட்டினால், மிச்சம் இருந்த துளியும் அதிலேயே செலவாகிவிடும். எரியாதது லாக்டிக் அமிலமாகத் தேங்கும். இவருக்கு க்ளினிக்கில் ஏறிய இரண்டு பாட்டிலும் எங்களிடம் ஏறிய ஒன்றும் எவ்வளவு கெடுதல் செய்தன என்று பிரித்துச் சொல்ல முடியாது; கண்ணும் நடையும் அதற்கு முன்பே கெட்டிருந்தன. ஆனால் பேச்சு குழறியதும் மந்தமானதும் அந்த மாலையில்தான்.

ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. சர்க்கரை குறைந்து மயங்கியவருக்குத் தயமின் வரட்டும் என்று குளுக்கோஸை நிறுத்தி வைக்கக் கூடாது, அது உயிரைப் பறிக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். இவருக்குச் சர்க்கரை 138, அவசரம் எதுவும் இல்லை.

வார்டில் மாற்றியவை

அடுத்த வாரக் கூட்டத்தில் இந்த கேஸை நானே எடுத்துப் பேசினேன், போனில் நான் கொடுத்த உத்தரவையும் சேர்த்து. இப்போது அவசரப் பிரிவு ஷீட்டில் குடிப்பழக்கத்துக்கான கட்டத்துக்கு மேலேயே ஒரு கேள்வி அச்சாகிறது: "கடைசியாக எப்போது சோறு சாப்பிட்டார்?" நோயாளியிடம் கேட்டால் போதாது, வீட்டில் சமைப்பவரிடம் கேட்க வேண்டும். செருப்பு நழுவுகிறதா என்பதையும் கேட்கிறோம். குளுக்கோஸ் பாட்டில் இருக்கும் அதே தட்டில் தயமின் ஆம்பூல்கள் 20 எப்போதும் இருக்கும், தீர்ந்தால் பொறுப்பு சிஸ்டர் அன்றே எழுதி வாங்குவார். குடிப்பவர் குழப்பமாக வந்தால் நோயறிதல் எதுவாக இருந்தாலும் முதல் வேளை தயமின் ஏறிவிட வேண்டும். ஒவ்வாமை வரலாம், அது மிக அரிது. மெதுவாக ஏற்றினால் போதும். இரவில் போனில் உத்தரவு கொடுப்பதற்கு முன் விரலைக் காட்டிக் கண்ணைப் பார்த்தீர்களா, எழுப்பி நிறுத்திப் பார்த்தீர்களா என்று நான் கேட்கிறேன்.

அக்கம்பக்கத்து க்ளினிக்குகள் சிலவற்றுக்கு நேரில் போய் இதைச் சொன்னேன். பாதிப் பேர் ஆர்வமாகக் கேட்டார்கள்.

இந்த மருந்துக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. தயமினை 1936இல் செயற்கையாகத் தயாரித்த வேதியியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது 1886இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில். தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட அந்த வடகடற்கரைப் பகுதிகளில், தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் இருந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தென்பகுதிகளில் அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. டிஸ்சார்ஜ் அன்று மனைவியிடம் நான் சொன்ன சாப்பாட்டு அறிவுரையும் அதுதான்: புழுங்கல் அரிசி, பலமுறை களைய வேண்டாம், கஞ்சியை வடித்துக் கொட்ட வேண்டாம், பருப்பு, வேர்க்கடலை, முட்டை, முடிந்தபோது மீன்.

அதன் பிறகு

போதை மீட்பு சிகிச்சைக்கு அனுப்பினோம். மூன்றாம் மாதம் ஒரு தடவை குடித்தார். மனைவி மறைக்காமல் உடனே கூட்டி வந்தார், தயமின் ஊசி போட்டு மறுபடியும் அனுப்பினோம். அதன் பிறகு குடிக்கவில்லை. நினைவு குறைந்தவருக்கு வழக்கமான கவுன்சலிங் ஒட்டுவதில்லை. நேற்று பேசியதை இன்று மறந்துவிடுவார். காசு கையில் கொடுக்காததும், மாலையில் மகன் கூடவே இருப்பதும்தான் உண்மையில் உதவின.

கால் எரிச்சல் பாதிக்கு மேல் குறைந்தது. ஆறாம் மாதம் வாக்கரை விட்டு ஊன்றுகோலுக்கு வந்தார். பட்டை வைத்துக் கட்டிய செருப்பு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் காலைக் குனிந்து பார்த்து நடக்கிறார். லோடு வேலைக்கு இனிப் போக முடியாது. நினைவு கொஞ்சம் தேறியது, முழுதாக வரவில்லை. இதை எழுதலாமா என்று அவரிடம் இரண்டு வாரம் இடைவெளியில் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு, "எழுதுங்க சார், நாலு பேருக்கு உதவும்னா எழுதுங்க" என்றார். மனைவி கையெழுத்துப் போட்டார்.

11ஆம் மாதம் வந்தபோது காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "பூரி சார், சந்தையில" என்றார். மனைவி பையிலிருந்து 40 பக்க நோட்டு ஒன்றை எடுத்து, அன்றைய தேதிக்கு நேராக விரலை வைத்துக் காட்டினார். மூன்று இட்லி, சாம்பார், ஒரு முட்டை, மாத்திரை போட்டாச்சு.